பட்டிமன்றத்தை விட்டுவிட்டு ஒரு வழக்கைக் கொடுங்கள்

குடிமக்களின் உரிமைகளையும் கடமைகளையும் பற்றி மாணவர்களைப் பேசவைக்க வேண்டும் என்றதும் நம் பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது பட்டிமன்றம்தான். ‘பெரிதும் போற்ற வேண்டியது உரிமையா, கடமையா?’ என்று தலைப்பிட்டு, அணிக்கு மூவரை நிறுத்தி, இறுதியில் நடுவர் எழுந்து இரண்டும் இரு கண்கள் என்று சொல்லி முடித்துவைப்பார். சமூக அறிவியல் நடத்துபவன் என்பதால் அந்த நடுவர் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதே இரு கண்களை நானும் சொல்லியிருக்கிறேன். எதிரணியின் பேச்சைக் கேட்டு ஒரு மாணவராவது தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டதை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. பேசிய பக்கமே அவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல என்னும்போது மாற்றிக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது?

இப்போதெல்லாம் எட்டாம் வகுப்புக்கு நான் தலைப்புக் கொடுப்பதில்லை, ஒரு வழக்கைக் கொடுக்கிறேன். 1985ஆம் ஆண்டு கேரளத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நாட்டுப்பண் ஒலிக்கும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கை இடம் தராது என்று பாடவில்லை. அரசமைப்பின் 51ஏ பிரிவு நாட்டுப்பண்ணை மதிப்பது குடிமக்களின் கடமை என்கிறது. 25ஆவது பிரிவோ மனச்சான்றின்படி நடக்கும் உரிமையைத் தருகிறது. இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்பேன். ‘எல்லாரும் பாடும்போது அவர்களுக்கு மட்டும் என்ன?’ என்று முதல் வரிசை கொதிக்கும். ‘நின்றார்களே, அது மரியாதை இல்லையா?’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். மதிப்பது என்றால் என்ன, அதை வாயால் காட்ட வேண்டுமா, உடலால் காட்டினால் போதாதா என்று அவர்களாகவே சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தொடங்குவார்கள். பாடப்புத்தகத்தின் எந்தப் பயிற்சி வினாவும் அந்த வகுப்பை அங்கே கொண்டு சேர்த்ததில்லை.

தீர்ப்பை மறுநாள்தான் சொல்வேன். 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் நின்றது: பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றவர்கள் அவமதித்தவர்கள் ஆகமாட்டார்கள், அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அப்போதும் சிலர் ஒப்புக்கொள்ளாமல் வாதிடுவார்கள். வாதிடட்டும், தீர்ப்பை விமர்சிப்பதும் குடிமக்களுக்கு உள்ள உரிமைதானே.

இதைவிடக் கடினமானது, கடமை என்ற சொல்லை ஆசிரியர்களாகிய நாம் கையாளும் முறை. ‘முதலில் கடமையைச் செய், பிறகு உரிமையைக் கேள்’ என்பது வகுப்பறையில் பேச்சை அடக்கும் பிரம்பாகவே பயன்பட்டு வந்திருக்கிறது. அரசமைப்பில் அப்படி ஒரு வரிசைமுறை கிடையாது. அடிப்படை உரிமைகள் 1950 முதல் இருப்பவை. அடிப்படைக் கடமைகளோ, நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1976இல், சுவரண் சிங் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 42ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட பத்து. 2002இல் பதினொன்றாவது வந்தது. உரிமை பறிபோனால் நீதிமன்றத்துக்குப் போகலாம். கடமைப் பட்டியலை மட்டும் காட்டி, தனிச்சட்டம் ஏதும் இல்லாமல், ஒருவரைத் தண்டிக்க முடியாது. வாக்களிப்பதும் வரி செலுத்துவதும் அந்தப் பட்டியலில் இல்லை என்று தெரியும்போது மாணவர்கள் அடையும் வியப்பு இருக்கிறதே, அதற்காகவே அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லலாம். அதே பட்டியலில்தான் அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது கடமை என்றும் எழுதியிருக்கிறது. கேள்வி கேட்கும் மாணவரை உட்காரச் சொல்பவர் எந்தக் கடமையைக் கற்றுத்தருகிறார் என்று எனக்குப் புரிவதில்லை.

இதில் ஆசிரியருக்குத் தேவைப்படும் ஒழுக்கம் ஒன்றே ஒன்றுதான்: தன் கருத்தைக் கடைசிவரை வெளிக்காட்டாமல் இருப்பது. என் முகக்குறிப்பைப் பார்த்தே விடையை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால், விவாதம் நடக்கும்போது நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

சென்ற ஆண்டு விவாதம் நான் எதிர்பாராத பக்கம் திரும்பியது. பள்ளி நூலகம் எப்போதும் பூட்டியே கிடக்கிறதே, அதைத் திறக்கச் சொல்வது எங்கள் உரிமையா என்று ஒரு மாணவி கேட்டார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், இதழ்கள், கதைப்புத்தகங்கள் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவாயிற்று. கடிதத்தின் கடைசி வரியில் ‘பணிவுடன் வேண்டுகிறோம்’ என்று எழுதுவதா, ‘கோருகிறோம்’ என்று எழுதுவதா என்பதிலேயே ஒரு பாடவேளை முழுதும் போனது. சட்டத்தில் இருப்பதை ஏன் வேண்ட வேண்டும் என்றது ஒரு பக்கம்; பணிவாகக் கேட்டால் உரிமை குறைந்துவிடுமா என்றது இன்னொரு பக்கம். வாக்கெடுப்பில் ‘பணிவுடன் கோருகிறோம்’ வென்றது. அதற்குக் கீழே, புத்தகம் கொடுத்து வாங்கும் பதிவேட்டை வாரம் இருவராக நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொன்னது நானல்ல.