பெரியவர் ஏன் பெல் அடித்தார்?

மூன்று நாளாக யார் பக்கத்தைத் திறந்தாலும் அந்த ஸ்கிரீன்ஷாட்தான். தனியாக இருக்கும் ஒரு பெரியவர் அடுத்த வீட்டுக் கதவுகளில் பெல் அடித்துத் தொந்தரவு செய்கிறார் என்று அடுக்குமாடி சங்கம் ஒட்டிய நோட்டீஸ். அதில் பெரியவரின் பிளாட் நம்பரைக்கூட யாரும் மறைக்கவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்தாயிற்று, நான் மறுபடி பகிரப்போவதில்லை.

நோட்டீஸைவிட என்னால் பொறுக்க முடியாதது அதன் கீழே வந்த கருத்துகள். பாதிப் பேர் "வயசானா இப்படித்தான்" என்கிறார்கள். மீதிப் பேர் "பசங்க வெளிநாட்டுல, அப்பன் இங்க அநாதை" என்கிறார்கள். அந்தப் பதிவிலேயே எல்லாம் இருக்கிறது. மனைவி போனதிலிருந்து இளைத்துவிட்டார், விடிகாலை மூன்று மணிக்கு வராந்தாவில் நடக்கிறார், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், கதவைத் திறந்தால் என்ன கேட்க வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். இத்தனையும் படித்த பிறகு ஒருவருக்காவது "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்கத் தோன்றவில்லையே. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

அவருக்கு இருப்பது டிப்ரஷனாக, அதாவது மனச்சோர்வாக இருக்கலாம். டிப்ரஷன் ஒரு நோய். வயது ஏறினால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் குணம் இல்லை அது. வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் வயதானவர்களிடம் அது அழுகையாக வருவது குறைவு. வயிறு சரியில்லை, முதுகு வலி, பசி இல்லை, தூக்கம் இல்லை, மறதி என்றுதான் வரும். சில சமயம் பார்க்க டிமென்ஷியா என்ற மறதி நோய் மாதிரியே இருக்கும். அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் வயிற்று டாக்டர், எலும்பு டாக்டர் என்று அலைகிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அம்மா மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கிறார். அப்பா போன மறு வருஷம் வயிறு சரியில்லை என்று ஆரம்பித்தார். ஸ்கேன் எடுத்தோம், எண்டோஸ்கோப்பி எடுத்தோம், எதிலும் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் கேஸ் மாத்திரை எழுதிக்கொடுத்து, "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் அம்மாவின் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஆவின் பச்சைப் பாக்கெட்டுகள் பிரிக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியில் இருந்தவை உப்பிப்போயிருந்தன. தினமும் வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்திருக்கிறார், காய்ச்சத்தான் முடியவில்லை. காலையில் காபி குடிக்காமல் ஒரு வார்த்தை பேசாத அம்மா அவர்.

அப்புறம் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் போனோம். முதலில் தைராய்டும் பி12-ம் பார்த்தார், அவை குறைந்தாலும் மனுஷர்கள் இப்படிச் சுணங்கிப்போவார்களாம். ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு, "காலைல கண் முழிச்சதும் என்னம்மா தோணும்?" என்று கேட்டார். "ஏன் விடிஞ்சுதுன்னு இருக்கும்" என்றார் அம்மா. குரலில் எந்த வருத்தமும் இல்லை, மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார்.

டிப்ரஷன்தான் என்று சொல்லி, குறைந்த அளவில் அதற்கான மாத்திரை ஆரம்பித்தார்கள். வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளில் சில ரத்தத்தில் உள்ள சோடியத்தை, அதாவது உப்பை, இறக்கிவிடும் என்று ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது, நிறுத்திவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார்கள். இரண்டாவது மாதம் ஒரு சாயந்திரம் அம்மாவிடமிருந்து போன். நான் வாங்கிக் கொடுத்த காபிப் பொடியில் சிக்கரி அதிகமாம், எவன் கடையில் வாங்கினாய் என்று சண்டை. அந்தச் சண்டைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா?

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். "அப்ப இன்னும் தனியாத்தான் விட்டு வச்சிருக்கீங்களா?" ஒரு கல்யாண வீட்டில், பந்தியில், எல்லோர் முன்னாலும் ஒரு உறவினர் என்னைக் கேட்டார். அம்மா அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். அவருடைய தெரு, அவருடைய காய்கறிக்காரர், அயோத்யா மண்டபத்துக் கச்சேரி. அது அவருடைய உரிமை. என் அத்தையோ பெரம்பூரில் மகன், மருமகள், பேரன்கள் என்று நிறைந்த வீட்டில் இருந்தார். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீடு நிறைய ஆள் இருந்ததால் அங்கே யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தனியாக இருப்பது ஆபத்தைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் கூட ஆள் இருந்தால் வராது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"இதெல்லாம் வசதியானவங்க வியாதி" என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மாளை ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். மேல் மாடியில் வீடு, லிப்ட் பாதி நாள் ஓடாது. முப்பது வருஷமாகக் கூட இருந்த அண்டை வீட்டார் எல்லாம் வேறு வேறு பிளாக்கில். கையில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். அவர் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். அவருக்கு வந்ததற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

2017-18-ல் நாடு முழுக்க முதுமை பற்றி எடுத்த லாசி (LASI) ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் இருக்கலாம் என்றது. டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னதாகத் தெரிவித்தவர்கள் 0.8 சதவீதம். பத்தில் ஒன்பது பேருக்கு நோயின் பெயரே தெரியாது. மற்றவர்கள் வைத்த பெயர்தான் இருக்கிறது: தொந்தரவு, பிடிவாதம், வயசுக் கோளாறு.

மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார்கள் என்பவர்களுக்கு: தூக்க மாத்திரை வேறு, இது வேறு. இதில் அந்தப் பயம் இல்லை, டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். கோயிலுக்குப் போகச் சொல்லுங்கள், வாக்கிங் போகச் சொல்லுங்கள் என்பவர்களே, படுக்கையிலிருந்து எழ முடியாததுதான் நோய். எழுந்து பால் காய்ச்ச முடியாதவரை எங்கே நடக்கச் சொல்கிறீர்கள்?

சென்னையில் இடம் இல்லாமல் இல்லை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித் துறை உண்டு. கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்தாயிற்று. மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கூடவே "ரெண்டு வாரமா எதுலயாவது மனசு ஒட்டுதா, சோர்வா இருக்கா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் பெரும்பாலும் மனைவிதான் பிடித்து வைத்திருப்பார். அவர் போனதும் இவருக்குப் பேச ஆளே இல்லை, பேசவும் தெரியாது. தற்கொலை செய்துகொள்கிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். அந்தப் பெரியவராவது பெல் அடித்தார். அதற்கு நோட்டீஸ் ஒட்டினீர்கள்.

அவர் பிள்ளைகளைத் திட்டி நீங்கள் வாங்கிய லைக்குகளால் அவருக்கு ஒரு வேளை சோறு இறங்கியதா? அந்த மகன் தினமும் போன் செய்கிறாரா இல்லையா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? என்னையும் இப்படித்தான் பேசினார்கள். அந்தப் பந்தியில் என்னால் பாயசம் வரை உட்கார முடியவில்லை.

பெரியவரின் எதிர் வீட்டுப் பெண் எனக்குத் தெரிந்தவர். இன்று காலை பேசினேன். அவரே பெரியவரை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறார், மகனிடமும் பேசியாயிற்று. இந்தப் பதிவுக்குக் கீழேயும் "பசங்க சரியில்ல" என்று யாராவது ஆரம்பித்தால் அந்தக் கருத்தை நீக்கிவிடுவேன். எந்த டாக்டர், எந்தக் கிழமை, எந்த ஓ.பி. என்று கேட்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.