மின்னோட்டத்தைக் கூட்டினால் பலனும் கூடிவிடுமா?
தலைமேல் மின்முனைகளை வைத்து மெல்லிய மின்னோட்டத்தால் மூளையைத் தூண்டும் முறையைப் பற்றியும், அதை ஆராய்ந்த மைக்கேல் நிட்ஷேயைப் பற்றியும் வந்த ஒரு கட்டுரைக்கான மறுமொழி இது; இணையத்தில் அதற்கான கருவி வாங்கியிருப்பதாகவும், மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்றும் அக்கட்டுரையின் கீழ் ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். நிட்ஷேவும் அவருடைய சக ஆய்வாளர் வால்டர் பவுலசும் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை, "நேர்மின்வாய் மூளையைத் தூண்டும், எதிர்மின்வாய் அடக்கும்" என்று ஒரே வரியில் கட்டுரையாளர் முடித்துவிட்டது நிட்ஷேயின் பிற்கால உழைப்புக்கு நியாயம் செய்வதாக இல்லை. உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைத் தலைமேல் வைத்து, 1 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் செலுத்தி, பின்னர் மண்டையோட்டின் மேலிருந்து ஒரு காந்தத் துடிப்பைக் கொடுத்து, மூளை எவ்வளவு எளிதில் கிளர்ச்சியுறுகிறது என்பதை அறிய, சுண்டுவிரல் தசை எவ்வளவு துள்ளுகிறது என்று அளந்தபோது கிடைத்த விதி அது. அந்த மின்னோட்ட அளவுக்கும், இயக்கப் புறணி என்னும், உடல் அசைவுகளை ஆளும் மூளையின் மேற்பரப்புப் பகுதிக்கும் உரியது. 2013இல் இவர்கள் இருவரும் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வில், எதிர்மின்வாய்த் தூண்டலை 2 மில்லிஆம்பியராக உயர்த்தி 20 நிமிடம் கொடுத்தபோது, அடங்கியிருக்க வேண்டிய புறணி முன்னிலும் எளிதாகக் கிளர்ச்சியுற்றது. நரம்புச் செல்லுக்குள் புகும் கால்சியத்தின் அளவு மாறுவதே விளைவின் திசையையும் மாற்றுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். தாம் நாட்டிய விதியின் எல்லையைத் தாமே உரசிப் பார்த்த இந்த ஆய்வைத்தான், நிட்ஷே பெற்ற விருதுகளின் பட்டியலைவிட, கட்டுரையாளர் விரித்து எழுதியிருக்கலாம். கருவி வாங்கியிருக்கும் அந்த அன்பர், மருத்துவரைக் கேட்காமல் மின்னோட்டத்தைக் கூட்டும் குமிழைத் திருக வேண்டாம்.