லிதோபோலோஸாம், லிதோபோலோஸ்! கல்லெறியும் பொறியின் கிரேக்கப் பெயரை இப்படியா எழுதுவது?

பழங்கிரேக்கப் படைகளை வைத்து வியூக விளையாட்டு செய்கிறார்கள். கேடயத்தின் வளைவு, தலைக்கவசத்தின் குதிரைமயிர் எல்லாம் அச்சு அசலாக வேண்டுமாம். படைவீரனின் பெயர் மட்டும் எப்படிப் போனாலும் சரியா?

காலாட்படை வீரனைக் குறிக்கும் "ஹாப்லைட்ஸ்" என்பதிலேயே ஆரம்பிக்கிறது கூத்து. கடைசி 'ஸ்' பன்மை என்று நினைத்து ஒற்றை ஆளுக்கு அதை வெட்டிவிடுகிறார்கள். ஐயா, கிரேக்கத்தில் அந்த 'ஸ்' ஒருமை! ஒருவன் ஹொப்லீதேஸ், பலர் ஹொப்லீதய். இதாவது பரவாயில்லை. அலெக்சாந்தரின் தோழர் குதிரைப்படை 'ஹெதய்ரொய்'. கடைசியில் 'ஒய்'க்குப் பதில் 'அய்' போட்டால் மொத்தப் படையும் கணிகையர் கூட்டமாகிவிடும்.

அடுத்து, எந்தக் காலத்து உச்சரிப்பு? கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸுக்கு இன்றைய கிரேக்க உச்சரிப்பைப் போட்டுவிட்டு "அசல் கிரேக்கர் குரல்" என்று பெருமை வேறு. இன்றைய உச்சரிப்பில் ஈட்டா, உப்சிலான், அயோட்டா என்ற எழுத்துகள் எல்லாம் ஒரே 'இ', பீட்டா 'வ'. அந்தக் கால ஏதென்ஸ் நாடகக்காரர் கிராதினோஸ் ஆட்டின் கத்தலைப் பீட்டாவும் ஈட்டாவும் சேர்த்து எழுதினார். பழைய உச்சரிப்பில் அது 'பே பே', வாய்விட்டுச் சொன்னால் ஆடு. இப்போதைய உச்சரிப்பில் 'வீ வீ'. எந்த ஊர் ஆடு ஐயா 'வீ' என்று கத்தும்? ஃபை எழுத்தும் அப்போது 'ஃப' இல்லை, மூச்சோடு வரும் 'ப'. ஃபுண்டானியஸ் என்ற ரோமானியப் பெயரின் முதல் எழுத்தைச் சொல்ல வராத ஒரு கிரேக்க சாட்சியை ரோமப் பேச்சாளர் சிசரோ நக்கலடித்ததே அதனால்தான்.

தமிழில் எழுதுபவர்கள் மேல்தான் எனக்குக் கூடுதல் கடுப்பு. எப்சிலானுக்கு எ, ஈட்டாவுக்கு ஏ, ஒமிக்ரானுக்கு ஒ, ஒமேகாவுக்கு ஓ. குறில் நெடில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்த வசதி கிடையாது. அப்படியிருந்தும் ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லிதோபோலோஸ்' என்கிறார்கள். மூன்றும் ஒமிக்ரான், மூன்றும் குறில்: லிதொபொலொஸ். நம் முசிறியைக் கிரேக்கர்கள் ஸீட்டா போட்டு எழுதினார்கள்தான், அதற்குப் பழிவாங்குகிறோமா?

நிஜமான சிக்கல் வல்லினத்தில் இருக்கிறது. படைத்தலைவனைக் குறிக்கும் 'ஸ்த்ரதேகொஸ்' என்பதில் த வலித்து வர வேண்டும், க மெலிந்து வர வேண்டும். நாம் இரண்டையும் மெலித்தே படிப்போம். சரி, 'த்த' என்று இரட்டித்தால்? கிரேக்கத்தில் இரட்டிப்பு தனி ஒலி. குதிரையைக் குறிக்கும் 'ஹிப்பொஸ்' சொல்லில் அது நிஜமாகவே உண்டு. அதனால் திரையில் ஒற்றை எழுத்தே போதும். குரல் கொடுப்பவரின் தாளில் மட்டும் வலித்தா மெலித்தா என்று குறித்துக் கொடுங்கள்.

தானாக எழுத்து மாற்றும் நிரலை நம்பினால் இன்னும் நாசம். எழுத்துக்கு எழுத்து மாற்றி, படை அணிவகுப்பான 'பலங்க்ஸ்' என்பதைப் 'பலக்க்ஸ்' ஆக்கிவிடும். காமாவுக்குப் பின்னால் காமா, கப்பா, க்ஸை, கை என்ற எழுத்துகளில் ஒன்று வந்தால் முதல் காமா 'ங்'. இந்த இணைகளை முதலில் மாற்றி, தனி எழுத்துகளைப் பிறகு மாற்ற வேண்டும். உயிரெழுத்தின் தலையில் வலப்பக்கம் திறந்திருக்கும் குட்டிக் கொக்கிதான் 'ஹ'. அழுத்தக் குறிகளை நீக்கும்போது அதையும் சேர்த்து வழித்துவிட்டால் குதிரைவீரன் ஹிப்பெவ்ஸ் 'இப்பெவ்ஸ்' ஆகிவிடுவான். அந்தக் கொக்கியை ஹ ஆக்கிய பிறகே குறிகளில் கை வைக்கவும். ஆல்ஃபா, அயோட்டா, உப்சிலான் மூன்றும் குறிலா நெடிலா என்பது பெரும்பாலும் எழுத்தில் தெரியாது, அகராதியைத் திறந்துதான் ஆக வேண்டும். சோம்பல்பட்டால் ஹொப்லீதேஸ் 'ஹொப்லிதேஸ்' ஆகிறான்.

அழுத்தக் குறியும் அலங்காரம் இல்லை. லிதொபொலொஸில் குரல் 'பொ'வில் ஏறினால் கல்லெறியும் பொறி. 'தொ'வில் ஏறினால் கல்லடி பட்டவன். ஒலிப்பதிவில் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்: கோட்டை மதிலை உடைக்கக் கல்லடி பட்டவனை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.