மாயத்துக்கும் தண்ணீர் முறை வேண்டும்

பிரதிலிபித் தளத்திலும் முகநூலிலும், இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பிள்ளைகள் எழுதும் மாயக் காதல் தொடர்களை விடாமல் வாசித்து வருகிறேன். மல்லாவிப் பக்கமிருந்து எழுதுகிறார்கள், விசுவமடுவிலிருந்து எழுதுகிறார்கள், நெடுங்கேணியிலிருந்தும் எழுதுகிறார்கள். நல்ல கை. காதல் வரும் இடங்களில் சிரிக்கவும் வைக்கிறார்கள், அழவும் வைக்கிறார்கள். மாயம் வரும் இடத்தில்தான் கதை வேறு நாட்டுக்குப் போய்விடுகிறது. பனி கொட்டும் கோட்டை, கோபுர உச்சியில் இளவரசி, கையில் மந்திரக்கோல். கோலை ஆட்டினால் கதவு திறக்கிறது, காயம் ஆறுகிறது, பகைவன் கல்லாகிறான். அதே கோலை ஆட்டி இந்த இரண்டு பேரையும் முதல் அத்தியாயத்திலேயே சேர்த்து வைத்திருக்கலாமே என்று வாசிக்கிறவருக்கு ஒருமுறை தோன்றிவிட்டால் போதும், அதற்குப் பிறகு கதை எழும்பாது.

காதல் கதையில் வரும் மாயம் காதலைத் தீர்த்து வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முகத்துக்கு முகம் பார்த்துக் கதைத்தே ஆகவேண்டிய இடத்துக்கு இரண்டு பேரையும் கொண்டுவந்து விடுவதுதான் அதன் வேலை. கதைக்கிறதை அவர்களே கதைக்க வேண்டும். அப்படிப்பட்ட மாயத்தைக் கட்டுவதற்கு வேண்டிய எல்லாம் வன்னியிலேயே இருக்கிறது.

விதி இல்லாமல் மாயம் இல்லை. இது எங்களுக்குப் புதிதும் இல்லை. வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தன் வாய் திறக்காமல் அதைச் சுமந்து வரவேண்டும். வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொன்னாலும் உடனே விளங்குகிற விதி. அரசனுடைய வாள், வீரம் எதுவும் அங்கே செல்லாது. அறிவு கூடக் கூட அவனுடைய சிக்கலும் கூடும். அந்த ஒரே விதியில் அத்தனை கதைகள் தொங்குகின்றன.

பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2007இல் மாயம் பற்றி ஒரு விதி எழுதினார். கதையில் வரும் சிக்கலை மாயத்தால் அவிழ்க்க வேண்டுமென்றால், அந்த மாயம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்பே அந்த அளவுக்கு விளங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். போர்க் கதைகளுக்கும் சாகசக் கதைகளுக்கும் இது சரி. பகிடியான காதல் கதைக்கு இதற்கு மேலும் ஒன்று வேண்டும். விதி வாசகருக்குத் தெரிய வேண்டும், நாயகனுக்கு முழுதாகத் தெரியக் கூடாது. அவன் எங்கே போய் மாட்டப்போகிறான் என்பது எங்களுக்கு இரண்டு பக்கம் முன்பே தெரிந்தால்தான் சிரிப்பு வரும். "ஐயோ, அந்தப் பக்கம் போகாதே தம்பி" என்று வாசிக்கிறவர் புத்தகத்தோடு கதைக்க வேண்டும்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். காத்தவராயன் கூத்தில் ஆரியப்பூமாலையை அடைய அவன் போடாத வேடம் இல்லை. வளையல் செட்டியாக வந்து நிற்பது அவன் என்று சபை முழுவதுக்கும் தெரியும், எதிரே நிற்பவளுக்குத்தான் தெரியாது. முன்வரிசையில் பாயில் படுத்திருக்கும் சின்னப் பிள்ளைகூட அந்த இடத்தில் எழும்பி உட்கார்ந்துவிடும். முத்துமாரி தாயாக நின்று மகனை மறிக்கிறாள். தெய்வமே தாயாகி, "வேண்டாம் மகனே" என்கிறபோது எந்த மாயத்தால் அவளை வெல்வது? அதனால்தான் அவன் பாட்டில் கெஞ்சுகிறான், கோபிக்கிறான், மறுபடி கெஞ்சுகிறான். விடியவிடிய நடக்கிறது தாயும் மகனும் கதைக்கிற கதை. மாயம் அதற்கு ஒத்தாசை மட்டுமே செய்கிறது.

ஆனால் காத்தவராயனும் கடைசியில் கழுமரம் ஏறத்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் மண்ணின் காதல் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான். வன்னி நாட்டார் கதையில் வரும் வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை யானையையே பிடித்துக் கட்டியவள். அந்தக் காலத்து வன்னியில் யானை பிடிப்பது சாதாரண வேலை இல்லை. வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தது யானையைத்தான். ஆண்கள் அடக்கப் பயந்த யானையைக் கட்டி வந்த பெண் என்றால் எவ்வளவு கொண்டாட்டமான கதை வந்திருக்கலாம்! கணவனும் மனைவியும் அன்று இரவு என்ன கதைத்திருப்பார்கள், அவன் பெருமைப்பட்டானா, கொஞ்சம் முகம் சுருங்கினானா, அவள் அதைப் பார்த்துச் சிரித்தாளா என்று எழுத எத்தனை இருக்கிறது. எங்களிடம் வந்து சேர்ந்திருப்பது அவள் பேரில் பாடிய ஒப்பாரி.

ஒப்பாரியை நான் குறைத்துச் சொல்லவில்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து எழுதும் எதையும் சாட்சியமாகத்தான் முதலில் வாசிக்கிறார்கள். சாட்சியம் வேண்டும், இன்னும் எழுத நிறையக் கிடக்கிறது. ஆனால் முல்லைத்தீவில் இருந்து ஒரு பிள்ளை பேசும் தவளையைப் பற்றியும் அதைக் காதலிக்கும் தபால்காரனைப் பற்றியும் எழுதினால், "உங்கள் மண்ணின் வலி எங்கே?" என்று கேட்பது அநியாயம். என்னுடைய அம்மம்மா பங்கருக்குள் எங்களை இருத்தி வைத்துச் சொன்னது கிளி இளவரசனின் கதையைத்தான். வெளியே நடந்ததை எங்களுக்கு அவ சொல்லத் தேவையிருக்கவில்லை. சந்தோசமான கதை கேட்கும் உரிமை அந்தக் குழிக்குள்ளேயே எங்களுக்கு இருந்தது. இப்போது அது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, மாயத்துக்கு வருவோம். பாரமான கதைகளில் மாயத்துக்கு விலை இரத்தம், ஆயுள், நினைவு. இலகுவான கதையில் விலையே இல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பிசகுகிறது. விலை சின்னதாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் தவறாமல் கொடுத்தாக வேண்டும். வெட்கம், தூக்கம், ஊர் வாய்க்கு அவல். வன்னிக் கிராமத்தில் இந்த விலை போதும், போதும். குளக்கட்டில் ஒரு பெடியன் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெண்ணோடு கொஞ்ச நேரம் கதைத்தால், அவன் வீடு போய்ச் சேர முன்னரே தாய்க்குச் செய்தி போய்விடும். இப்படியான ஊரில் இரகசிய மாயம் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஊர் முழுவதும் சேர்ந்துதான் அதைச் சுமக்கும்.

வசியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வசிய மை, வசிய மருந்து என்று நாயகன் நாயகிக்குக் கொடுத்து அவள் மயங்கி வருவதைக் காதல் என்று எழுதுகிறார்கள். மனம் அவளுடையதாக இல்லாதபோது அவள் சொல்லும் "ஓம்" யாருடையது? கதையில் வசிய மை வந்தே ஆகவேண்டுமென்றால் அதை வீட்டு ஆடு நக்கிவிடட்டும். அவன் போகும் இடமெல்லாம் ஆடு பின்னால் வரட்டும். அந்தப் பெண் அதைப் பார்த்துச் சிரித்து, அந்தச் சிரிப்பில் தொடங்கட்டும் காதல்.

மாயத்தின் தொனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டார் கதைகளில் வரும் மனிதர்கள் அதிசயத்தைக் கண்டு திகைப்பதில்லை, அது அவர்களுடைய உலகத்தின் இயல்பு என்று மாக்ஸ் லூத்தி என்ற சுவிஸ் ஆய்வாளர் 1947இல் எழுதினார். ஏ9 வீதியில் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வந்தால் வாகனம் நிற்கும். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார், யாராவது தேங்காய் உடைப்பார்கள், பிள்ளைகள் கச்சான் கேட்டு அழும், பிறகு வண்டி கிளம்பும். ஏன் நிற்கிறோம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அவசரத்தில் போகிறவரும் நிற்கிறார். எங்கள் கதையில் வரும் மாயமும் இப்படி நடக்க வேண்டும். மின்னல், இடி, பின்னணி இசை ஒன்றும் வேண்டாம். கச்சான் சரையைக் கையில் வைத்துக்கொண்டே செய்கிற காரியமாக இருக்க வேண்டும்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கு எரிவது எல்லோருக்கும் தெரியும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டு போகிறார்கள். அது நம்பிக்கை, அதைத் தூக்கி ஒரு காதல் கதைக்குள் போட நான் சொல்லமாட்டேன், அது சரியுமில்லை. ஆனால் அந்த ஒழுங்கைப் பாருங்கள். எந்தக் கடல், எந்த நாள், எந்தக் கோயில், யார் எடுப்பது, எந்த வழியால் வருவது எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. அற்புதத்துக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் ஓர் ஆளும் இருக்கிறார்கள். கற்பனை உலகம் கட்டுகிறவர் இந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டால் போதும்.

நானே கட்டிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரிய குளம். இரணைமடு மாதிரி, இடதுகரை வாய்க்கால், வலதுகரை வாய்க்கால், கிளை வாய்க்கால்கள். குளத்து மதகை, எங்கள் பேச்சில் துருசை, திறக்கும்போது தண்ணீருக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல்லைத் தண்ணீர் சுமந்து போகும். வயலுக்குள் தண்ணீர் பாயும்போது, அங்கே வரம்பில் நிற்பவருக்கு அது கேட்கும். மாயம் இவ்வளவுதான்.

இப்போது விதிகள். தண்ணீர் போகிற வேகத்தில்தான் சொல் போகும். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று கமக்காரரைக் கேளுங்கள், பெருமூச்சு விடுவார். ஒருமுறை திறக்கும்போது ஒரு சொல்தான். விலை என்னவென்றால், அனுப்பிய சொல் போய்ச் சேரும்வரை அனுப்பியவரின் வாயில் அந்தச் சொல் இராது.

நாயகன் துருசில் வேலை செய்கிற பெடியன். நாயகி கடைசிக் கிளை வாய்க்காலின் முடிவில் வயல் செய்கிறவள், தகப்பன் இல்லாததால் அவளே மண்வெட்டி பிடிக்கிறாள். அவன் முதலில் அனுப்புவது "வாரும்" என்ற சொல்லை. அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருகிறான். படலையில் மாமா நிற்கிறார். "வாருங்கோ மாமா" என்று சொல்ல வாய் எடுக்கிறான், வரவில்லை. மாமா வெயிலில் நிற்கிறார், இவன் வாயைத் திறந்து மூடுகிறான். "உன்ர மோன் என்னை உள்ளுக்கு வா எண்டும் சொல்லேல்லை" என்று மாமா கோபித்துக்கொண்டு போகிறார். அடுத்த முறை அவன் அவளுடைய பெயரை அனுப்புகிறான். நாலைந்து நாள் அந்தப் பெயரை அவனால் சொல்ல முடியாது. அதே பெயரில் அவனுக்கு ஒரு சின்னம்மாவும் இருக்கிறா. பெயரைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிக் கதைக்கிறவனை அக்கா ஒரு மூலையில் நின்று பார்க்கிறாள். அக்காமாருக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு எங்கள் ஊர்ப் பழைய வியாதி ஒன்று. இரவில் வாய்க்காலை வெட்டித் தண்ணீர் களவெடுப்பது. அவன் எவ்வளவோ யோசித்து அனுப்பிய "விருப்பம்" என்ற சொல், நடுவயல்காரர் வெட்டிய வெட்டால் அவருடைய வயலுக்குள் பாய்ந்துவிடுகிறது. ஐம்பது வயது மனுசன், நடுச்சாமத்தில், கையில் மண்வெட்டியோடு, யாரோ ஒருவன் தன்னிடம் "விருப்பம்" என்று சொல்வதைக் கேட்கிறார். களவெடுத்ததை ஒப்புக்கொள்ளாமல் அதை அவர் யாரிடமும் சொல்லவும் முடியாது. அந்தச் சொல்லை உரியவளிடம் சேர்க்காமல் அவருக்கு நித்திரையும் வராது. அவர் அவளுடைய படலைக்கு வந்து நின்று, "பிள்ளை, உனக்கு ஒரு சாமான் என்னட்டைத் தவறி வந்திட்டுது" என்று தொடங்கும் இடத்தை எழுதும்போது எனக்கே சந்தோசம் தாங்கவில்லை.

பதில் எப்படி வரும்? தண்ணீர் மேல்நோக்கிப் போகாதே. அதனால் பதில் சொல்ல அவள்தான் குளம்வரை வரவேண்டும், அல்லது அவன் போகவேண்டும். மாயம் ஒருபக்கம் மட்டும் ஓடுவதை நான் வேண்டுமென்றே வைத்தேன். இரண்டு பக்கமும் ஓடினால் இருவரும் தங்கள் தங்கள் இடத்திலேயே நின்றுவிடுவார்கள், கதையும் நின்றுவிடும்.

காலபோகத்தில் மழை பெய்யும், துருசுக்கு அவ்வளவாக வேலை இல்லை. மழை குறைந்த காலத்துச் சிறுபோகம்தான் சோதனை. குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து, இந்தமுறை எத்தனை ஏக்கருக்குக் கொடுப்பது, எந்தக் கிளை வாய்க்காலுக்குக் கொடுப்பது என்று சிறுபோகக் கூட்டத்தில்தான் முடிவாகும். அதிகாரிகள் மேசையில் இருப்பார்கள், கமக்காரர் அமைப்புக்காரர் எழும்பி எழும்பிக் கதைப்பார்கள், சத்தம் கூடும். என் கதையில் அந்த வருசம் குளம் வற்றியிருக்கிறது. கடைசிக் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் இல்லை என்று வாசிக்கிறார்கள். ஒரு போகம் முழுவதும் அவளுக்கு ஒரு சொல்லும் வராது. அவள் எழும்புகிறாள். ஏக்கர் கணக்குக் கேட்கிறாள், விதைநெல் கணக்குக் கேட்கிறாள், போன வருசம் கடைசி வாய்க்காலுக்கு வந்த தண்ணீரில் யார் யார் வெட்டினார்கள் என்று நடுவயல்காரரைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள். பின்வரிசையில் நிற்கும் துருசுப் பெடியனால் வாய் திறக்க முடியவில்லை, ஏனென்றால் அன்று விடிய அவன் அனுப்பியிருப்பது "ஓம்" என்ற சொல்லை, தலைவரோ இந்தப் பிள்ளையின் கோரிக்கைக்கு ஆதரவானவர்கள் ஓம் சொல்லுங்கள் என்று கேட்கிறார். அவன் இரண்டு கையையும் உயர்த்துகிறான். நடுவயல்காரர் அவனுக்கும் சேர்த்து, மண்டபம் அதிர, இரண்டுதரம் "ஓம்" சொல்கிறார்.