அந்த மன்றத்தில் அந்தக் கச்சேரி நடந்திருக்கவே முடியாது

அண்ணே, மேலே நீங்கள் போட்டதில் பாதி சரி, பாதி தப்பு. சென்னை ராஜா அண்ணாமலை மன்றத்தைக் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தாமே திறந்து வைத்தார், அன்று காரைக்குடி வீணைச் சகோதரர்கள் இருவரும் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 1948-லேயே காலமாகிவிட்டார். 1943-ல் அவர் தொடங்கியது தமிழ் இசைச் சங்கம். அந்தச் சங்கத்தின் மன்றக் கட்டடம் அவர் போன பிறகு அவர் பெயரில் எழுந்தது. சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயரோ அதற்கும் முன்னால், 1930-களிலேயே இறந்துவிட்டார், அப்புறம் எங்கிருந்து இரட்டை வீணை?

இன்னொன்று, வீணையைத் தம்பூரா மாதிரி நிமிர்த்தி வைத்து வாசித்தவர் சுப்பராம ஐயர் மட்டும்தான். தம்பி சாம்பசிவ ஐயர் எல்லாரையும் போல மடியில் கிடத்தித்தான் வாசிப்பார். அவர்கள் பூர்வீகம்கூட காரைக்குடி இல்லை, புதுக்கோட்டைத் திருக்கோகர்ணம். நம் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது, நமக்கு அதில் பெருமைதான், அதற்காகப் பிறந்த ஊரை மாற்ற வேண்டாமே. 1952-ல் சாம்பசிவ ஐயருக்கு சங்கீத கலாநிதிப் பட்டமும் சங்கீத நாடக அகாதமி விருதும் கிடைத்தன. அதே ஆண்டு அந்த அகாதமி விருது வாங்கிய இன்னொருவர் பக்கத்து ஊர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்! எழுதுவதென்றால் இதை எழுதியிருக்கலாம். கடைசிக் காலத்தில் சாம்பசிவ ஐயர் கலாக்ஷேத்திராவில் சொல்லிக்கொடுத்தார், 1958-ல் மறைந்தார்.

கல்யாண வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) கச்சேரி, பட்டாலை (கூடம்) நிறைய ஆட்கள் என்று நீங்கள் எழுதிய வர்ணனை அருமை, அதை எடுத்துவிடாதீர்கள். மன்றக் கதையை மட்டும் திருத்திவிடுங்கள்.