மைதானத்துக் கழிப்பறைச் சாவி

பி.டி. பீரியடில் நான் விளையாடியதே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இதே கதைதான். கோ-கோ டீமுக்கு ஓடத் தெரிந்த பன்னிரண்டு பேரை மாஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மிச்சமிருந்த நாங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கதை பேசுவோம். ஒன்பதாம் வகுப்பில் அந்த நிழலும் போனது. போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் அந்த பீரியடை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு யாருக்கும் அதில் வருத்தமில்லை, எனக்கும்தான். இப்போது இருபத்து மூன்று வயதில் அந்த வருத்தம் வருகிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கும் உடல்நலக் கல்விக்கும் சேர்த்து ஒரு மாணவர் மன்றம் ஆரம்பித்திருக்கிறோம். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அனுமதிக் கடிதத்தோடு போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான்: "ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மென்ட் இருக்கு, என்.எஸ்.எஸ். இருக்கு, யூத் ரெட் கிராஸ் இருக்கு. இன்னொண்ணு எதுக்கும்மா?"

கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நியாயமான கேள்விதான். நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ். 1969இல் இருந்து இருக்கிறது, அதில் நானும் முகாமுக்குப் போய் மரம் நட்டிருக்கிறேன். ஆனால் அது ஊருக்குச் செய்யும் வேலை. ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மென்ட் நன்றாக ஓடுபவரைத் தேர்ந்தெடுத்து இன்னும் நன்றாக ஓடவைக்கிறது. அதுவும் வேண்டும்தான். ஓடவே தெரியாதவர் எங்கே போவது? விளையாட்டு வேறு, உடற்கல்வி வேறு. கணக்கில் சென்டம் வாங்குபவருக்கு மட்டும்தான் கணக்கு வகுப்பு என்று எந்தப் பள்ளியிலாவது சொல்வார்களா? உடம்பு விஷயத்தில் மட்டும் அப்படித்தான் நடக்கிறது. 1920இலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் தொடங்கிவிட்டார். அதற்கென்று படித்த ஆசிரியர்கள் இந்த மண்ணில் நூறு வருடமாக உருவாகிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் டைம்டேபிளில் முதலில் காவு போவது அவர்களுடைய பீரியட்தான்.

நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரி. எங்கள் ஊர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 149, முதலில் தோளில் நிறுத்திப் பிறகு மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். சொல்லும்போதே மார்பு நிமிர்கிறது. அதே சத்துவாச்சாரியில், போன வருடம், வாசலில் இறக்கிவைத்த தண்ணீர் கேனை ஸ்டாண்டில் ஏற்றப் போன என் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் தரையில் உட்கார முடியவில்லை. 20 லிட்டர் கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் தினமும் தூக்குகிற எடை. அதை எப்படித் தூக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதனால் எங்கள் முதல் வகுப்பே அந்தக் கேன்தான். ஹாஸ்டல் மெஸ்ஸில் கேட்டு ஒரு காலி கேனை வாங்கி, முதலில் பாதி தண்ணீர் ஊற்றினோம். எங்கள் துறையில் தேசிய அளவில் பளுதூக்கும் தம்பி ஒருவன் சொல்லிக்கொடுத்தான். கேனைக் காலுக்கு ஒட்டிவைக்கணும். கால் தோள் அகலத்துக்கு விரியணும். முதுகை வளைக்காமல், நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னால் தள்ளி, முட்டியை மடக்கிக் கீழே இறங்கணும். கேனை மார்போடு அணைத்துக்கொண்டு காலால் எழுந்திருக்கணும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்பணும். அவ்வளவுதான். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஒரு பெண் நான்காவது முயற்சியில் முழுக் கேனைத் தூக்கி நின்றாள். முகத்தில் பயம், ஆச்சரியம் இரண்டும். "அக்கா, இது நானா தூக்கினேன்?" என்றாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு வேலூர் என்றால் ஆஸ்பத்திரி. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தது இன்று சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. 1918இலேயே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. காட்பாடி ஸ்டேஷனில் கையில் ஃபைலோடு இறங்கும் வங்காளத்துக் குடும்பங்களைப் பார்த்தே வளர்ந்தோம். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கிறது. நாடெல்லாம் உடம்பைக் காட்ட நம் ஊரைத் தேடி வருகிறது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தன் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் பதினேழு பேர் வந்தார்கள். நாடி பார்க்கத் தெரிந்தவர் கை தூக்குங்கள் என்றபோது இரண்டு கைதான் எழுந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து லேசாக அழுத்தணும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 60இலிருந்து 100 வரை இயல்பு. ஒரு பையன் ரொம்ப நேரம் தேடினான். கிடைக்கவில்லை என்று கையை உதறினான். பக்கத்திலிருந்தவன் அவன் விரலைப் பிடித்து அரை இஞ்ச் நகர்த்தி வைத்தான். அப்புறம் அவன் பேசவே இல்லை. எல்லோரும் எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"சோம்பேறி" என்ற வார்த்தையை எங்கள் மன்றத்தில் தடை செய்திருக்கிறோம். காரணம் இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் அது 25 சதவீதம். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும் பெண்ணை அம்மாவும் சோம்பேறி என்கிறாள், வாத்தியாரும் சோம்பேறி என்கிறார். அவளுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, அதாவது ரத்தசோகை அளவில், இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஓடச் சொல்வதற்கு முன்னால் ரத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். உடற்கல்வியையும் உடல்நலக் கல்வியையும் ஒரே மன்றத்தில் வைக்க நான் இவ்வளவு அடம்பிடிப்பது இதனால்தான். ஒன்றை விட்டு மற்றதைச் சொல்லிக்கொடுத்தால் அது பாதி உண்மைதான்.

எடை மெஷினை மைதானத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது இன்னொரு முடிவு. யார் குண்டு, யார் ஒல்லி என்று அங்கே பேச்சே வரக் கூடாது. புரோட்டீன் பவுடர் கடைக்காரர் ஒருவர் டி-ஷர்ட் அடித்துத் தருகிறேன் என்று வந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வேர்க்கடலையும் சுண்டலும் நம் ஊரிலேயே கிடைக்கிறது. ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கேழ்வரகுக் கூழை மற்ற பதினொரு மாதமும் நாம் ஏன் மறந்துவிடுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் மைதானம் அடுப்புதான். அதனால் காலை ஆறரை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பாவது வேண்டும் என்கிறது. மிதம் என்றால் பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தாலே போதும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மூன்றாவது வாரம் அந்தக் குடியாத்தத்துப் பெண் பயிற்சி முடிந்தும் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டில் பையிலேயே இருந்தது. ஏன்மா என்று கேட்டேன். முதலில் தலையை ஆட்டினாள். அப்புறம் மெதுவாக, "குடிச்சா பாத்ரூம் வரும்க்கா. இங்க பூட்டிருக்கு. டிபார்ட்மென்ட்ல ஒம்போதுக்குத்தான் திறப்பாங்க" என்றாள். வீட்டில் ஐந்தரைக்குக் கிளம்பியவள். ஒன்பது வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது, அதற்குப் பிறகும் பஸ்ஸை நினைத்து அளந்து அளந்துதான் குடிப்பாள். போன வருடம் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்ததாம். கேட்டுக்கொண்டிருந்த மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும்தான். ஸ்கூலில் அந்த வேப்பமர நிழலில் நான் உட்கார்ந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அந்த நிமிடம்தான் எனக்கே உறைத்தது.

மைதானத்தில் கழிப்பறை இருக்கிறது. கட்டிடம் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. போட்டி நடக்கும்போது மட்டும் திறப்பார்கள், மற்ற நாளில் பூட்டு. சாவி ஆபீஸில். யாரையும் குறை சொல்லவில்லை. திறந்துவிட்டால் யார் சுத்தம் செய்வது என்பது அவர்கள் கவலை. ஆனால் பெண்கள் ஏன் மைதானத்துக்கு வருவதில்லை என்று மேடையில் கேட்பவர்கள் அந்தப் பூட்டை ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த கடிதம் அந்தச் சாவிக்காக எழுதினோம். கோப்பைக்கோ, டி-ஷர்ட்டுக்கோ, தொடக்க விழாவுக்கோ எதுவும் கேட்கவில்லை. இருபத்து மூன்று கையெழுத்து, அதில் ஒன்பது பையன்களுடையது. நான்கு முறை நடந்தோம். சுத்தத்துக்கு நாங்களே முறை போட்டுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் அண்ணன் கூப்பிட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நீல நூல் கட்டிய அந்தச் சாவியைக் கையில் கொடுத்தார். அன்றைக்கே பினாயில், பிரஷ், ஒரு வாளி, மூடியுள்ள குப்பைத் தொட்டி வாங்கினோம். பையன்கள் இரண்டு பேர் நாங்கள் கேட்காமலே வந்து தரையைக் கழுவிவிட்டார்கள்.

வேலூர்ப் பக்கம் எந்தக் கல்லூரியில் படித்தாலும் பரவாயில்லை, சனிக்கிழமை ஆறரைக்கு வாருங்கள். ஷூ இல்லையென்றால் செருப்போடு வாருங்கள். நடக்கத் தெரிந்தால் போதும். வரும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, முழுசாகக் குடியுங்கள். சாவி என்னிடம் இருக்கிறது.