மூலையில் ஒரு பேர்

(கட்சி விளம்பரத்துக்காகச் சுவரில் வெள்ளையடித்துவிட்டு, அது காய்வதற்குள் டீ குடிக்கிறார்கள் பெயின்டர் மாரியப்பனும் உதவியாள் செல்வமும்.)

செல்வம்: அண்ணே, இந்தப் படத்தைப் பாருங்கள். நியூயார்க் ரயில் பெட்டி.

மாரியப்பன்: யாருடா இது, பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது?

செல்வம்: எழுத்து அண்ணே! கிராஃபிட்டி.

மாரியப்பன்: எந்தக் கம்பெனிக்கு?

செல்வம்: கம்பெனியெல்லாம் இல்லை. சொந்தப் பேர். 1967 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவில் கார்ன்பிரெட் என்ற பையன் சுவர் சுவராக எழுதினான். ஒரு பெண்ணின் மனசைப் பிடிக்க.

மாரியப்பன்: கூலி?

செல்வம்: கிடையாது.

மாரியப்பன்: பெயின்ட் யார் காசு?

செல்வம்: அந்தக் கூட்டத்தில் பலருக்குக் கடைக்காரர் காசுதான். அவருக்குத்தான் தெரியாது. அப்புறம் கேளுங்கள், 1971இல் கார்ன்பிரெட் செத்துவிட்டதாகப் பத்திரிகையில் தப்பாக வந்துவிட்டது. உடனே மிருகக்காட்சி சாலைக்குள் புகுந்து, 'கார்ன்பிரெட் உயிரோடு இருக்கிறான்' என்று யானை மேலேயே எழுதினானாம்!

மாரியப்பன்: யானைக்கு நாமம் போடவே இங்கே வடகலையா தென்கலையா என்று சண்டை. இவன் தன் பேரையே போட்டிருக்கிறான்!

செல்வம்: அதே வருடம், நியூயார்க்கில் இப்படி எழுதின டாக்கி 183 என்ற பையனைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் செய்தி வந்தது.

மாரியப்பன்: 183 என்ன, டோக்கன் நம்பரா?

செல்வம்: அவன் குடியிருந்த தெரு. தபால், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. போன இடமெல்லாம் பேரை எழுதினான்.

மாரியப்பன்: போலீஸ் அலையக்கூடாது என்று விலாசத்தையும் சேர்த்தா?

செல்வம்: செய்தி வந்ததும் ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் தன் பேர் தெரிய வேண்டுமே? 1972இல் சூப்பர் கூல் 223 என்று ஒருத்தன், வேறு ஸ்பிரே டப்பாவின் அகல மூக்கைக் கழற்றிப் பெயின்ட் டப்பாவில் மாட்டினான். பட்டையாக அடித்தது. ரயில் பெட்டியில் பெரிய எழுத்து வந்தது.

மாரியப்பன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) இவன் வேலைக்காரன்டா!

செல்வம்: ஃபேஸ் 2 என்று இன்னொருத்தர், எழுத்தைப் பலூன் மாதிரி உப்ப வைத்தார். பிறகு அம்பு, கொக்கி எல்லாம் சேர்ந்து, எழுத்துக்குள் எழுத்தைப் பின்னி வைல்டு ஸ்டைல்.

மாரியப்பன்: உப்பின எழுத்து சரி. அவுட்லைன் போட்டு, ஷேடு கொடுத்து நாமும் ஜவுளிக்கடைக்குச் செய்வதுதான். இந்தப் பின்னலை யார் படிப்பது?

செல்வம்: கூட எழுதுகிறவர்கள் படிப்பார்கள். மற்றவர்களுக்குப் புரியாவிட்டால் இன்னும் பெருமை.

மாரியப்பன்: நான் எத்தனை எம்.எல்.ஏ. பேரை ஆளுயரத்துக்கு எழுதியிருப்பேன்! என் பேருக்கு மூலையில் சுண்டுவிரல் அளவு இடம்.

செல்வம்: சுவர் காய்ந்துவிட்டது அண்ணே. வேட்பாளர் பேரை வைல்டு ஸ்டைலில் போடலாமா?

மாரியப்பன்: வாக்காளர் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். அவர் பேர் எப்போதும் போல இருக்கட்டும். மூலையில் என் பேரை மட்டும் கொஞ்சம் உப்ப வை.